ஏலியனா, நம்ம பங்காளியா? கொங்கு நாட்டு உயிரியல் புரபசர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், பொள்ளாச்சி, கோபி, தாராபுரம்னு நம்ம பக்கத்துக் காலேஜ்கள்ல மைக்ரோபயாலஜி, பயோடெக், விலங்கியல், தாவரவியல் சொல்லித்தர்ற எல்லா சாருக்கும் மேடத்துக்கும் வணக்கமுங்க.

நானும் உங்கள மாதிரி ஒரு டிபார்ட்மென்ட்ல படிச்சு வந்தவதானுங்க. இப்ப சாயப்பட்டறைக் கழிவுத்தண்ணிய சுத்தம் பண்ற ஒரு பிளான்ட்ல லேப் பாத்துட்டிருக்கறேன். காலைல காத்து ஊதற ஏரேஷன் டேங்க்ல இருந்து ஸ்லட்ஜ், அதாவது கிருமிக நெறைஞ்ச கசடு, மோந்துட்டு வந்து, ஒரு சொட்டு ஸ்லைடுல விட்டு கவர்ஸ்லிப் போட்டுப் பாக்கறதுதான் மொத வேலை. சாயம் ஏறின பழுப்புக் கட்டிக மேல வோர்டிசெல்லாங்கற ஒத்தைச் செல் உயிர் ஒட்டிட்டு நிக்கும். மணி வடிவத்துல ஒடம்பு, அடில நீளமா ஒரு காம்பு, ஸ்லைட லேசா தட்டினீங்கன்னா காம்பு சுருண்டு ஒடம்பு சடார்னு கீழ போயிரும், சித்த நேரம் கழிச்சு மெல்ல நீண்டு வந்து வாயச் சுத்தி இருக்கற முடிய ஆட்ட ஆரம்பிக்கும். அது நல்லா ஆடுச்சுன்னா டேங்க் நல்லா இருக்குதுன்னு எங்களுக்கு அர்த்தம்.

டிரெய்னிங்குக்கு வந்த ஒரு பி.எஸ்ஸி. புள்ள இதப் பாத்துட்டு எங்கிட்ட கேட்டா, "அக்கா, இதே சொட்டுல வேற கிரகத்துக் கிருமி ஒண்ணு கெடந்தா, அது ஏலியனா, இல்ல இதுவரைக்கும் யாரும் பாக்காத நம்மூருக் கிருமியான்னு எப்படிக்கா கண்டுபிடிப்பாங்க?" கிளாஸ்லயும் கேட்டிருக்கறா, சிலபஸ்ல இல்லாததக் கேக்காதன்னு உக்கார வெச்சுட்டாங்களாம். எந்தக் காலேஜ்ங்கறது இங்க வேண்டாமுங்க. ஆனா எனக்கு நெம்ப வருத்தமாப் போச்சு, ஏன்னா அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்னா செல்லு, ஜீனு, பரிணாமம், வேதியியல், கல்லு மண்ணு சமாச்சாரம்னு அத்தனையும் தொட்டாகணும், மூணு வருச டிகிரியே அதுக்குள்ள அடங்கிரும். அவளுக்கு நான் சொன்ன பதிலையும், அதுல இருந்து உங்ககிட்ட கேக்க வேண்டியதையும் சேத்துத்தான் எழுதறேன்.

பாக்கறதுக்கு எப்படி இருக்குதுங்கறத வெச்சு ஒண்ணுமே சொல்ல முடியாதுங்க. 2017ல விசாகப்பட்டினத்துல ஒரு கட்டடத்துல ஏலியன் நிக்குதுன்னு ஒரு வீடியோ நாடு பூரா சுத்துச்சு, வெளுத்த மூஞ்சி, பெரிய கண்ணு, நட்டமா நின்னுட்டு முறைச்சுப் பாக்குது, கடைசில பாத்தா கூகைக் குஞ்சுக. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைல இருந்து 2003ல எஸ்.டி. பிஜுவும் ஃப்ராங்கி பாசுட்டும் சேந்து உலகத்துக்கு அறிவிச்ச ஊதாத் தவளைய எடுத்துக்கங்க, பன்னி மூக்கு, ஊதிப்போன ஒடம்பு, வருசம் பூரா மண்ணுக்கடில இருந்துட்டு மழை தொடங்கறப்ப சில நாள் மட்டும் மேல வரும், வேற கிரகத்துலருந்து வந்துச்சுன்னு சொன்னாலும் நம்பிருவோம். டிஎன்ஏவப் பாத்தா அதுக்கு நெருங்கின சொந்தம் கடலுக்கு அக்கட்ட சீசெல்ஸ் தீவுத் தவளைக. ரெண்டு நிலமும் பிரிஞ்சு பல கோடி வருசம் ஆயிருச்சு, ஆனாலும் சொந்தம் சொந்தம்தான். இங்கிலாந்துல பிராட்ஃபோர்டு ஊர்ல 1992ல ஒரு கூலிங் டவர் தண்ணில, அமீபாவுக்குள்ள, ஒரு கிருமி கெடைச்சுது, பேக்டீரியாவ அடையாளம் பாக்கற கிராம் ஸ்டெய்ன் சாயம் போட்டா கலர் புடிக்குது, சரி பேக்டீரியாதான்னு பேரு கூட வெச்சுட்டாங்க, 2003லதான் அது ராட்சச வைரஸ்னு தெரிஞ்சுது. அதுதான் மிமிவைரஸ். நம்ம பக்கம் மில்லுக்கு மில்லு கூலிங் டவர் இருக்குது, அந்தத் தண்ணில என்ன இருக்குதுன்னு யாராவது பாத்திருக்கறாங்களா?

அப்ப எத வெச்சுச் சொல்றது? சொந்தத்த வெச்சுத்தானுங்க. நம்மூர்ல முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேரு பஸ்ல பக்கத்துல உக்காந்தா எந்த ஊரு, என்ன குலசாமின்னு விசாரிச்சு பங்காளியா மாமன் மச்சானான்னு இறங்கறதுக்குள்ள கண்டுபிடிச்சுருவாங்கல்ல, உயிர்கள்ல அந்த விசாரணைய ரைபோசோம வெச்சுப் பண்றாங்க. பூமில இதுவரைக்கும் பாத்த செல் உள்ள உயிர் எல்லாத்துக்கும் புரதம் செய்யறதுக்கு ரைபோசோம் இருக்குது, அதுல ஒரு ஆர்என்ஏ, பேக்டீரியாவுல 16எஸ், நமக்கு 18எஸ். 1977ல கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இந்த ஆர்என்ஏவ ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாத்துத்தான், மைக்ராஸ்கோப்ல பேக்டீரியா மாதிரியே தெரியற ஒரு கூட்டம் அடியோட வேற வம்சம்னு சொன்னாங்க, அதுதான் ஆர்க்கியா. ஒரே செல் வடிவம், ஆனா பிரிஞ்சு நூத்துக்கணக்கான கோடி வருசம். இன்னைக்கு 16எஸ் வரிசை தெரிஞ்ச எதோடவும் 98.7 சதவீதத்துக்குக் கீழதான் ஒத்துப்போகுதுன்னா புது இனமா இருக்கலாம்னு எடுத்துக்கறாங்க. புது இனம்தானுங்க, ஏலியன் இல்லை. வாழைக்கும் வோர்டிசெல்லாவுக்கும் நமக்கும் அதே டிஎன்ஏ, ஜீன் பாஷைல ஏயூஜின்னு மூணெழுத்து எழுதினா எல்லாருக்கும் மெத்தியோனின்ங்கற அமினோ அமிலம், புரதத்தக் கட்டற அதே 20 அமினோ அமிலம், செல்லுக்கு சக்தி குடுக்கற அதே ஏடிபி. இது அத்தனையும் ஒரு புது ஜந்துகிட்ட அப்படியே இருந்து, அது ஏற்கனவே தெரிஞ்ச ஒரு கிளைக்குள்ளயே போய் உக்காந்துச்சுன்னா, அத எந்த ராக்கெட்ல இருந்து எடுத்திருந்தாலும் பங்காளிதான்.

இதுக்கு நம்ம நாட்டுலயே அருமையான உதாரணம் இருக்குது, பசங்களுக்கு யாரும் சொல்றதில்லைங்கறதுதான் எனக்கு ஆத்தாமை. வானியல் விஞ்ஞானி ஜெயந்த் நார்லிகர் முன்ன நின்னு, இஸ்ரோ உதவியோட, ஹைதராபாத்ல இருந்து 2001லயும் 2005லயும் ராட்சச பலூன் விட்டாங்க. 2005ல 20 கிலோமீட்டர்ல இருந்து 41 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் காத்தப் புடிச்சாங்க, கிருமி நீக்கின எஃகுக் குழாய்கள்ல. அதுல 12 பேக்டீரியா காலனி, 6 பூஞ்சைக் காலனி வளந்துச்சு. பேக்டீரியால 9 ஏற்கனவே தெரிஞ்ச இனங்களோட 98 சதவீதத்துக்கு மேல ஒத்துப்போச்சு, மூணு மட்டும் புதுசு. ஜானிபேக்டர் ஹாய்லி, பேசில்லஸ் இஸ்ரோனென்சிஸ், பேசில்லஸ் ஆர்யபட்டான்னு பேரு வெச்சு 2009ல அறிவிச்சாங்க. வானத்துல இருந்து உயிர் வந்துருக்கலாம்ங்கற எண்ணத்துல ஆசையா இருந்தவங்கதான் அந்த வேலையவே தொடங்கினாங்க, ஆனாலும் இது வெளியிலருந்து வந்ததுன்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னு அறிக்கைலயே எழுதினாங்க பாருங்க, அந்த நேர்மையத்தான் நம்ம பசங்க படிக்கணும்.

அடுத்தது இன்னும் சுவாரசியம். நம்ம தமிழ்நாட்டுல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல படிச்ச கஸ்தூரி வெங்கடேஸ்வரன் நாசாவோட ஜேபிஎல் ஆய்வகத்துல இருந்து பண்ணின வேலைல, விண்வெளி நிலையத்துல 40 மாசம் ஓடின ஒரு ஏர் ஃபில்டர்ல இருந்து ஒரு புது பேக்டீரியா கெடைச்சுது, 2017ல அதுக்கு சாலிபேசில்லஸ் கலாமின்னு நம்ம அப்துல் கலாம் ஐயா பேர வெச்சாங்க. விண்வெளில கெடைச்ச புது உயிர்! ஆனா நார்லிகர் பலூன்ல கெடைச்ச இஸ்ரோனென்சிஸ்ஸையும் பின்னாடி இதே சாலிபேசில்லஸ் ஜீனஸுக்குத்தான் (பேரினத்துக்கு) மாத்தினாங்க, இந்த ஜீனஸோட மொத ஆளு ஜெர்மனில ஒரு காட்டு மண்ணுல இருந்து எடுத்தது. பலூன், விண்வெளி நிலையம், காட்டு மண்ணு, மூணும் ஒரே குடும்பம். எங்க கெடைச்சுதுங்கறது அட்ரஸ் மட்டும்தான், அத வெச்சு வம்சத்தச் சொல்ல முடியாது.

அழுக்குப் படாம பாத்துக்கிட்டாப் போதும்னு நெனைப்போம், அதுவும் அவ்வளவு லேசு இல்லீங்க. விண்கலம் கட்டற கிளீன் ரூம்ல இருந்தே புது இனம் கெடைச்சிருக்குது, டெர்சிகாக்கஸ் ஃபீனிசிஸ், ஒண்ணு அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல, இன்னொண்ணு தென்னமெரிக்காவுல கூரூ ஏவுதளத்துல, வேற எங்கயும் அப்ப தெரியாத கிருமி. நாளைக்கு செவ்வாய்ல ஒரு கலம் போய் இதக் கண்டுபிடிச்சா என்ன சொல்லுவோம்? ஜப்பான்காரங்க ரியுகு சிறுகோள்ல இருந்து 2020ல 5.4 கிராம் மண்ணு கொண்டுவந்தாங்க, அவ்வளவு பத்திரமா. லண்டன்ல ஒரு துகள எக்ஸ்ரே ஸ்கேன்ல பாத்தப்ப ஒண்ணுமில்லை, ஆராய்ச்சிக்காகத் தயார் பண்ணின பொறவு பாத்தா மேல குச்சி குச்சியா உயிர்! மேத்யூ ஜெங்கே குழு அத விடாம எண்ணிட்டே இருந்தாங்க, எண்ணிக்கை ஏறுச்சு, பொறவு எறங்குச்சு, அந்த வேகம் பூமிக் கிருமி வளர்ற வேகம். 2024ல இது நம்மூரு ஒட்டுதான்னு எழுதிட்டாங்க. கிருமி புகறதுக்கு முன்ன எடுத்த அந்த ஸ்கேன் இல்லைன்னா இந்தத் தீர்ப்பே வந்திருக்காது. அதனாலதான் சேம்பிளே போடாத பிளாங்க் ஒண்ணு வைங்க, ஒப்பிட கன்ட்ரோல் வைங்கன்னு நீங்க கத்தறீங்க, பசங்க ரெக்கார்டுல ஒப்புக்கு எழுதறாங்க, இந்தக் கதையச் சொல்லிட்டு பிளாங்க் வைக்கச் சொல்லிப்பாருங்க.

சரி, டிஎன்ஏவே கெடைக்கலைன்னா? இங்கதான் ஆளுக எச்சா தடுமாறறாங்க. பாலக்காட்டுக் கணவாய்க்கு அக்கட்ட, கேரளாவுல, 2001 ஜூலைல கோட்டயம் பக்கம் செகப்பு மழை பேஞ்சுதல்ல, அந்தத் தண்ணில இருந்த செல்லுல டிஎன்ஏ இல்லை, அதனால வால்நட்சத்திரத்துலருந்து வந்ததுன்னு ரெண்டு பேரு பெரிசா எழுதினாங்க, உலகமே பேசுச்சு. ஆனா அதே 2001 நவம்பர்லயே கேரள ஆய்வாளருக அத மீடியத்துல வளத்துப் பாத்து, டிரென்டெபோலியாங்கற பாசியோட வித்துன்னு சொல்லி முடிச்சிருந்தாங்க. மழைக்காட்டுப் பக்கம் மரப்பட்டைல, சுவத்துல செம்மஞ்சளா படிஞ்சிருக்குமே, அந்தப் பாசி. கெட்டிச் சுவர் உள்ள வித்துல டிஎன்ஏ எடுக்க வரலைன்னா, இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க, எடுக்கத் தெரியலைன்னுதான் அர்த்தம். டிஎன்ஏவப் பல மடங்கா நகலெடுக்கற பிசிஆர்லயும் இதே கதை, 2002ல ஐஸ்லாந்து பக்கம் கடலடி வெந்நீர் ஊத்துல கெடைச்ச நானோஆர்க்கியம் ஈக்விடன்ஸ் வழக்கமான 16எஸ் பிரைமருக்கு, அதாவது நகலெடுப்பத் தொடங்க ஒட்ட வைக்கற சின்ன டிஎன்ஏ துண்டுக்கு, மாட்டவே இல்லை, ஆனா அது பூமி ஜீவன்தான். பிரைமரே நம்ம சொந்தக்காரங்களப் பாத்து செஞ்சதுதான, தூரத்துச் சொந்தத்துக்கு ஒட்டாது, நெஜமான ஏலியனுக்கும் ஒட்டாது, ரெண்டையும் பிரிச்சுக் காட்ட அதுக்குத் தெரியாது.

அதனால பிரைமர் இல்லாத வழியும் பசங்களுக்குத் தெரியணுமுங்க. நம்ம புரதத்துல இருக்கற அமினோ அமிலம், இடது வலதே இல்லாத கிளைசின் தவிர, அத்தனையும் இடதுகை வகை, உயிரில்லாம வேதியியலா உண்டானா இடதும் வலதும் கலந்துதான் வரும். பென்னு சிறுகோள்ல இருந்து 2023 செப்டம்பர்ல 121.6 கிராம் வந்துச்சு, அதுல உயிருக்கு வேண்டிய 20ல 14 அமினோ அமிலமும், டிஎன்ஏ ஆர்என்ஏவோட அஞ்சு எழுத்தும் இருந்துச்சு, ஆனா இடது வலது கிட்டத்தட்ட சரிபாதி. அப்ப இது உயிரில்லை, உயிர் உண்டாறதுக்கு முன்னாடி இருக்கற சரக்கு. ஒரு ஜந்து பூராவும் வலதுகை அமினோ அமிலத்துல கட்டியிருந்தா, நம்ம 20 இல்லாம வேற கூட்டத்துல கட்டியிருந்தா, அப்பத்தான் எனக்கு மயிர்க்கூச்செறியும். இதுலயும் ஒரு எச்சரிக்கை இருக்குது, 1969ல ஆஸ்திரேலியாவுல விழுந்த மர்ச்சிசன் விண்கல்லுல ஐசோவேலின் மாதிரி சில அமினோ அமிலம் இடதுபக்கம் சாஞ்சுதான் இருந்துச்சு, உயிர் இல்லாமயே. ஒத்தைச் சாட்சிய வெச்சு தீர்ப்பு எழுத முடியாதுங்க.

ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்துல எடை மட்டும் வேறான அணு, இன்னொரு சாட்சி. செவ்வாய்க் காத்துல இருக்கற தண்ணில கன ஹைட்ரஜன் நம்ம கடலவிட சுமார் 5 மடங்கு எச்சா, ஆக்ஸிஜன் விகிதமும் வேற. அங்க குடிச்சு வளந்த உயிரோட ஒடம்புல அந்த முத்திரை இருக்கும், நம்ம லேப்ல நம்ம தண்ணில வளத்துட்டோம்னா அழிஞ்சு போயிரும், அதனால வளக்கறதுக்கு முன்னாடியே அளக்கணும். வேதியியல் விஞ்ஞானி லீ குரோனின் ஆளுக 2021ல சொன்ன அசெம்பிளி கணக்கு ஒண்ணு இருக்குது, ஒரு மூலக்கூறக் கட்ட குறைஞ்சது எத்தனை படி வேணும்னு எண்ணறது, அவங்க சோதிச்சதுல 15 படிக்கு மேல போனது உயிர் செஞ்சது மட்டும்தான். டிஎன்ஏவே வேண்டாம், மூலக்கூற ஒடைச்சு எடை பாக்கற மாஸ் ஸ்பெக் மெஷின் போதும். அதுல சண்டையும் இருக்குது, இன்னும் முடியலை.

அர்செனிக் பேக்டீரியா கதை உங்க எல்லாத்துக்கும் தெரியும். 2010 டிசம்பர்ல கலிஃபோர்னியா மோனோ ஏரிக் கிருமி பாஸ்பரஸுக்குப் பதிலா அர்செனிக்க டிஎன்ஏவுல வெச்சிருக்குதுன்னு நாசா மேடை போட்டு அறிவிச்சுது, 2012ல ரெண்டு குழு செஞ்சு பாத்து இல்லைன்னு சொல்லிருச்சு, 2025 ஜூலைல அந்தப் பத்திரிகையே கட்டுரைய வாபஸ் வாங்கிருச்சு. நான் அந்தப் புள்ளைக்கு அழுத்திச் சொன்னது வேற ஒண்ணு. அந்த அர்செனிக் சேதி நெசமாவே இருந்திருந்தாலும் அது ஏலியன் ஆயிருக்காது, ஏன்னா 16எஸ் பாத்தப்பவே அது ஹாலோமோனாஸ்ங்கற ஏற்கனவே தெரிஞ்ச பேக்டீரியாக் குடும்பம்னு தெரிஞ்சுபோச்சு. விசித்திரமா வாழறது வேற, வேற வம்சமா இருக்கறது வேற.

கடைசியா நெம்பக் கஷ்டமான முடிச்சு ரெண்டு. 1865 ஆகஸ்ட் 25 அன்னைக்கு பீகார்ல ஷெர்காட்டில ஒரு கல்லு விழுந்துச்சு, அது செவ்வாய்க் கல்லு. ரெண்டு கிரகத்துக்கும் நடுவுல கல்லு போக்குவரத்து இருந்திருக்குதுன்னா, செவ்வாய்ல கெடைக்கற உயிர்லயும் நம்ம டிஎன்ஏவே இருக்கலாம், அப்ப அந்த வம்சமரத்துல அது எங்க பிரியுதுன்னு பாக்கணும், நம்மூரு பேசில்லஸ் பேக்டீரியாக நடுவுல உக்காந்தா யாரோ கையக் கழுவலைன்னு அர்த்தம், எல்லாக் கிளைக்கும் அடில, நம்ம பொது மூதாதைக்கும் முன்னாடி பிரிஞ்சிருந்தா அது பேசவேண்டிய சேதி. இன்னொரு பக்கம், டிஎன்ஏ இல்லாத ஒண்ணு நம்ம கெணத்துப் பாறைலயே கெடைச்சாலும் ஏலியன்னு சொல்லிர முடியாது, பூமிலயே ரெண்டாவது தடவையா உயிர் உண்டாகி ஒளிஞ்சிருக்கலாம்னு தத்துவப் பேராசிரியர் கரோல் கிளீலண்டும் இயற்பியல் விஞ்ஞானி பால் டேவிஸும் எழுதியிருக்கறாங்க, யாரும் இன்னும் கண்டதில்லை. அப்ப ஒடம்புல இருக்கற ஐசோடோப்பு, கூட இருக்கற கல்லு, ரெண்டும்தான் ஊரு சொல்லும்.

இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தரலைங்க, நீங்க சொல்லித்தரணும்னு கேக்கறேன். அதோட இன்னொண்ணு. வெளியூரான்னு ஒருத்தனச் சொல்லணும்னா உள்ளூர் ஆளுக யாருன்னு ஒரு லிஸ்ட் வேணுமில்லீங்களா? நம்மகிட்ட அந்த லிஸ்ட் இல்லை. மண்ணுல இருக்கற கிருமில நூத்துக்கு ஒண்ணு கூட சாதாரண அகார் தட்டுல வளராது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைய அரைச்சுத்தான் இஸ்ரோ நிலா மண்ணுக்குப் பதிலா பரப்பி லேண்டரையும் ரோவரையும் சோதிச்சுது. சந்திரயான்-1ஐ நடத்தின மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சி பக்கம் கோதவாடிக்காரரு. நிலாவுல இருந்து மண்ணு கொண்டுவர சந்திரயான்-4க்கு 2024 செப்டம்பர்லயே மத்திய அரசு ஒப்புதல் குடுத்துருச்சு. நிலாவுல உயிர் இருக்கும்னு யாரும் நெனைக்கலைங்க, ஆனா அந்த மண்ண நம்ம நாட்டு லேப்ல பிரிக்கறப்ப ஒரு துண்டு டிஎன்ஏ மாட்டினா, இது எங்கூருக் கிருமின்னு சொல்றதுக்கு ஒப்பிட ஒரு வரிசை வேணும். அந்தச் சித்தம்பூண்டிப் பாறைப் பொடில என்ன கிருமி வாழுதுன்னு பக்கத்துக் காலேஜ்காரங்க பாக்காம யாரு பாப்பாங்க?

ஆனா எம்.எஸ்ஸி. பிராஜெக்ட்னா இன்னும் வேப்பிலைச் சாறு, துளசிச் சாறு, ஈகோலை பேக்டீரியா மேல ஊத்தி, கிருமி வளராத வட்டம் (ஜோன்) எத்தனை மில்லிமீட்டர்னு ஸ்கேல் வெச்சு அளக்கறதுதான். நானும் அதத்தான் பண்ணினேன், என் ஜூனியரும் அதத்தான் பண்ணினா. பசங்க உழைப்பு வீணாப் போகுதுங்க. அதே செலவுக்கு மேல கொஞ்சம் போட்டா 16எஸ் சீக்வென்ஸ் பண்ணி ஜீன்பேங்க்ல ஏத்தலாம், உலகத்துல யாரு வேணாலும் எடுத்துப் பாக்கலாம். நல்ல புது இனம் கெடைச்சா ரெண்டு வெவ்வேற நாட்டு கல்ச்சர் சேமிப்பகத்துல குடுத்தாத்தான் பேரு செல்லும், அதுல நம்ம நாட்டுப் பங்குக்கு புனேல என்சிஎம்ஆர், சண்டிகர்ல எம்டிசிசி இருக்குது, சட்டப்படி அனுமதி வாங்கற வேலைய டிபார்ட்மென்ட்டே முன்ன நின்னு செஞ்சு குடுத்தா பசங்க பயப்படாம இறங்குவாங்க.

அடுத்த தடவை நம்ம பக்கம் செகப்பு மழையோ, வினோத ஜந்து வீடியோவோ வந்துச்சுன்னா, மொத நாளே ஒரு டிபார்ட்மென்ட் போய் சேம்பிள் எடுத்து, சுத்தமான பாட்டில்ல போட்டு, பக்கத்துல ஒரு காலி பாட்டிலையும் தொறந்து மூடி வெச்சு, எடுத்த நேரம் எழுதி, பிரிட்ஜ்ல வைக்கணும்னு கேட்டுக்கறேன். பதில் பொறவு வரட்டும். சேம்பிள் போச்சுன்னா எந்த நிபுணர் வந்தும் ஒண்ணும் பண்ண முடியாது.

இந்த வருசம் பிராஜெக்ட் தலைப்புக் குடுக்கறப்ப ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் ஒண்ணே ஒண்ணாவது இந்த லிஸ்டுக்கு வேலை செய்யட்டும். சித்தம்பூண்டிக் கல்லு, ஆனைமலை மரப்பட்டை, வத்திப்போன கெணத்தோட அடிப்பாறை, மில்லு கூலிங் டவர், நொய்யல் மண்ணு, எதுல வேணாலும் தொடங்குங்க. ஸ்லட்ஜ் வேணும்னா எந்தப் பிளான்ட் லேப்காரங்களக் கேட்டாலும் ஒரு பாட்டில் தருவோமுங்க, ஏரேஷன் டேங்க்ல இருந்து காலைல எடுக்கற சேம்பிள்தான் நல்லது, மதியத்துக்குள்ள ஐஸ் பெட்டியோட வந்துருங்க.